நிலா உதிக்கும் படத்திலிருந்து எடுத்த இடத்தையும் நேரத்தையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: நிலா உதிக்கும் பழைய படம் ஒன்று கையில் இருக்கிறது. எடுத்தவர் எங்கே நின்றார், எந்த நாள், எத்தனை மணி என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு துல்லியமாக?

முடியும். படம் சுமாராக இருந்தால் சில நிமிடங்களுக்குள், நன்றாக இருந்தால் அரை நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு. ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது மிக முக்கியம். நேரம் வானத்திலிருந்து கிடைக்கிறது, இடம் தரையிலிருந்து கிடைக்கிறது. தரையை முடிக்காமல் வானத்துக்குப் போனால் விடை ஒன்று வரும், அது பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். இது எப்படி நடக்கிறது என்று காட்ட, புகைப்பட வரலாற்றிலேயே மிகப் பிரபலமான நிலாப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் தேதிக்குப் பத்து வருட இடைவெளியில் இரண்டு விடைகள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முழு முறையும் புரிந்துவிடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' தான் அந்தப் படம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹெர்னாண்டஸ் ஒரு சிறிய ஊர். படத்தின் கீழ்ப்பகுதியில் மண் வீடுகள், ஒரு தேவாலயம், மாலை வெயில் பட்டு வெள்ளையாகத் தெரியும் கல்லறைச் சிலுவைகள். அதற்குப் பின்னால் தூரத்தில் பனி மூடிய மலைகள், நீளமான மேகம். மேலே கிட்டத்தட்டக் கறுப்பான வானம், அதில் முழுமைக்குக் கொஞ்சம் குறைந்த நிலா. சாமா பள்ளத்தாக்கிலிருந்து சாந்தா ஃபேவுக்குக் காரில் திரும்பும் வழியில் ஆடம்ஸ் இதைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். ஒளியை அளக்கும் எக்ஸ்போஷர் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது, அதை வைத்தே மனக்கணக்காக லென்ஸின் துளை எஃப்/32, ஒளி விழும் நேரம் ஒரு நொடி என்று முடிவு செய்தார். இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி விவரத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு நுணுக்கமாக எக்ஸ்போஷரை நினைவில் வைத்திருந்தவர் தேதியை எழுதி வைக்கவில்லை. 1940, 1941, 1942, 1944 என்று வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகள் அச்சாகின. புகைப்பட வரலாற்றாசிரியர் போமன்ட் நியூஹால் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்து, கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள ஹை ஆல்டிடியூட் அப்சர்வேட்டரி என்ற வானாய்வகத்தின் டேவிட் எல்மோரைக் கேட்டார். படத்தில் நிலா இருக்கிறது, நிலா எப்போது எங்கே இருந்தது என்பது கணக்குக்கு உட்பட்டது, ஆகவே தேதி கிடைத்தாக வேண்டும். 1981-ல் எல்மோர் சொன்ன விடை: 1941 அக்டோபர் 31, மாலை 4 மணி 3 நிமிடம்.

அப்புறம் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழைச் சேர்ந்த டென்னிஸ் டி சிக்கோ அந்த நாளையும் நேரத்தையும் தான் எழுதிய கணினி நிரலில் போட்டுப் பார்த்தார். படத்தில் நிலா இருக்கும் இடத்தில் நிரலில் நிலா இல்லை. அந்த முரண்பாட்டை அவர் விடவில்லை. விட்டு விட்டுப் பத்து வருடம் அதில் இருந்தார், ஹெர்னாண்டஸுக்கே நேரில் போனார். 1991-ல் அவர் வெளியிட்ட விடை: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி. எல்மோரும் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் தேதி இதுதான்.

இரண்டு விடைகளுக்கும் இடையே ஒரு நாளும் 46 நிமிடமும். இந்த 46 நிமிடம் தற்செயல் இல்லை. நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தாமதமாக அதே இடத்துக்கு வரும். சில நாட்களில் கொஞ்சம் கூட, சில நாட்களில் குறைவாக. எனவே நிலாப் படத்தில் நாள் ஒன்று தவறினால் நேரமும் கூடவே முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், இரண்டு விடைகளிலும் கிழக்கு மேற்காக நிலா வந்திருந்த தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது வடக்கு தெற்கு நிலை: ஒரே நாளில் நிலா ஏறக்குறைய நான்கு டிகிரி வடக்கே நகர்ந்திருக்கிறது. நான்கு டிகிரி என்றால் எட்டு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். அதைப் படத்தில் சரியாக அளந்தால் சரியான நாள், தவறாக அளந்தால் முந்தைய நாள். நம் பஞ்சாங்கத்துத் திதியில் சொன்னால், அந்த மாலை திரயோதசியா சதுர்த்தசியா என்பதுதான் வழக்கு.

சரி, எங்கே தவறியது? டி சிக்கோ சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, எல்மோர் பயன்படுத்திய கணினித் திரையின் உருவக் கோணல். அன்றைய குழாய்த் திரைகளில் நேர்கோடு விளிம்பில் வளையும், அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் இருக்காது. திரையில் அளந்ததைக் கோணமாக மாற்றும்போது அந்தக் கோணல் அப்படியே விடைக்குள் போய்விடும். இரண்டு, காமிரா நின்ற இடம். ஆடம்ஸ் நின்றது இன்றைய நெடுஞ்சாலையில் இல்லை. பழைய சாலைத் தடத்தின் ஓரத்தில், எல்மோர் குறித்த இடத்திலிருந்து சுமார் 50 அடி மேற்கே. ஐம்பது அடி, அவ்வளவுதான். வானியலில் அது ஒன்றுமே இல்லை. நிலா அந்த 50 அடியைப் பொருட்படுத்தாது. ஆனால் முன்னால் இருக்கும் வீடுகளும் சிலுவைகளும் பொருட்படுத்தும்.

இங்கேதான் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை வருகிறது. பேருந்தில் போகும்போது பக்கத்துப் பனைமரம் வேகமாகப் பின்னால் ஓடும், தூரத்து மலை கூடவே வரும். அந்த வேறுபாட்டைத்தான் படத்தில் அளக்கிறோம். 100 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர், 10 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலைமுகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், முகட்டைப் பொறுத்து அந்தச் சுவர் அரை டிகிரிக்கும் சற்று அதிகமாக நகரும், அதாவது ஒரு நிலாவின் அகலம். அந்த நகர்வை நெகட்டிவில் நன்றாகவே அளக்கலாம். ஆகவே அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று நேர்கோட்டில் நிற்கும் ஒரு ஜோடி கிடைத்தால், வரைபடத்தில் ஒரு கோடு கிடைத்துவிடும். படம் எடுத்தவர் அந்தக் கோட்டின் மேல் எங்கோ நின்றார். இன்னொரு ஜோடி கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளி அவர் கால் பதிந்த இடம். மூன்றாவது ஜோடி கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் சேரவில்லை என்றால் எதையோ தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம்.

இந்த வேலையைக் கூகுள் எர்த்தில் பெரும்பகுதி செய்யலாம். ஆனால் பழைய படம் என்றால் நேரில் போவதற்கு இணை இல்லை. வீடு இடிந்திருக்கும், மரம் வளர்ந்து மறைத்திருக்கும், ஹெர்னாண்டஸில் நடந்தது போலச் சாலையே இடம் மாறியிருக்கும். பழைய நில அளவை வரைபடங்களையும் பழைய வான்வழிப் படங்களையும் தேடுவது இதனால்தான். கட்டடங்களைவிட மலைமுகடுகள், பாறைகள், தேவாலயக் கூரை முனை போன்றவை நம்பத் தகுந்தவை. உயரத்தையும் மறக்கக் கூடாது: முன்னால் இருக்கும் கூரை பின்னால் இருக்கும் மலையின் எந்த மட்டத்தை மறைக்கிறது என்பது காமிரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைச் சொல்லும்.

இடம் கிடைத்தாயிற்று என்றால் அடுத்தது காமிராவையே ஒரு கோண அளவியாக மாற்றுவது. லென்ஸின் குவியத்தூரம் தெரிந்தால் இது எளிது. நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. எனவே ஃபிலிமில் நிலாவின் விட்டம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு. ஆடம்ஸ் அன்று பயன்படுத்தியது 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் காமிராவும் 23 அங்குலக் குவியத்தூர லென்ஸும். அதாவது 584 மில்லிமீட்டர். நெகட்டிவில் நிலா ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். படத்தின் முழு அகலமும் வானில் சுமார் 24 டிகிரிதான். அளக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஒரு நொடி எக்ஸ்போஷரில் நிலா நகர்ந்த தூரம் அதன் விட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் விளிம்பும் கூர்மையாகவே விழும். சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸில், 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், நிலா அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

குவியத்தூரம் தெரியாவிட்டால் தரையே உதவும். நின்ற இடம் தெரியும், இரண்டு சிகரங்களின் இடம் தெரியும், எனவே அவற்றுக்கு இடையே உள்ள கோணம் தெரியும். படத்தில் அந்த இடைவெளியை அளந்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். சிலர் நிலாவின் விட்டத்தையே அளவுகோலாக எடுக்கிறார்கள். முதல் தோராயத்துக்குச் சரி. ஆனால் நிலா பூமிக்கு நெருங்கியும் விலகியும் போவதால் அதன் தோற்ற அளவு நாளைப் பொறுத்துப் பத்துப் பதினான்கு விழுக்காடு வரை மாறும். அதோடு, பிரகாசமான நிலா ஃபிலிமில் கசிந்து உண்மை அளவைவிடப் பெரிதாகவே விழும். எனக்கு விருப்பமான அளவுகோல் சிகரங்கள்தான்.

இப்போது வானத்துக்கு வரலாம். நிலாவின் மையம் எந்தத் திசையில், அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு எண்கள் தேவை. திசைக்குத் தூரத்துச் சிகரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் திசை, நீங்கள் சில மீட்டர் தவறாக நின்றாலும் மாறாது; அங்கிருந்து நிலா எத்தனை டிகிரி இடது அல்லது வலது என்று அளந்தால் போதும். உயரத்துக்கும் அதே சிகரம்தான், ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. உண்மையான அடிவானம் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். சிகரத்தின் உயரத்தையும் தூரத்தையும் வைத்துக் கோணம் கணக்கிடும்போது பூமியின் வளைவைச் சேர்க்க வேண்டும். 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சிகரம் அந்த வளைவால் சுமார் 125 மீட்டர் தாழ்ந்து தெரியும். கோணத்தில் அது 0.18 டிகிரி. சின்ன எண்தான், ஆனால் ஹெர்னாண்டஸ் இருக்கும் 36 டிகிரி வட அட்சரேகையில் நிலா அவ்வளவு ஏற ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். நொடிக்கணக்கில் விடை சொல்லப் போகிறவருக்கு ஒரு நிமிடம் பெரிய பிழை.

இன்னும் இரண்டு திருத்தங்கள் இருக்கின்றன, இரண்டும் நிலாவுக்கே உரியவை. முதலாவது காற்றின் ஒளிவிலகல்: அடிவானத்தில் இருக்கும் எந்தப் பொருளும் அரை டிகிரிக்கு மேல் உயர்ந்து தெரியும். பத்து டிகிரி உயரத்துக்கு வரும்போது அது அரை டிகிரியில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டாவது, நிலா நமக்கு மிக அருகில் இருப்பதால் வரும் இடமாறு தோற்றப்பிழை. வானியல் அட்டவணைகள் பூமியின் மையத்திலிருந்து நிலாவைக் காட்டும். நாம் மேற்பரப்பில் நிற்கிறோம். உதிக்கும் நிலா இதனால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி தாழ்ந்து தெரியும், அதாவது இரண்டு நிலா அளவு. பழைய அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போடுபவர்கள் இடறும் இடம் இதுதான். இன்று ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் ஊரின் ஆயத்தொலைவைச் சரியாகக் கொடுத்தால் இரண்டு திருத்தத்தையும் அதுவே செய்துவிடும். காற்று மண்டல விளைவு இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று பலர் வியக்கிறார்கள். டி சிக்கோ 20 நொடி என்று சொல்கிறாரே, எப்படி? பூமி சுழல்வதால் நிலா வானில் மணிக்குச் சுமார் 14.5 டிகிரி நகர்கிறது; தன் விட்டத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் போதும். நிலாவின் இடத்தை அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க முடிந்தால் நேரம் பன்னிரண்டு நொடிக்குள் வந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் நிலாவில் பத்தில் ஒன்று என்றால் அரை மில்லிமீட்டர். அது கடினமான அளவே இல்லை. கடினம் எல்லாம் முன்னே சொன்ன தரை வேலையில்தான்.

நாளைக் கண்டுபிடிப்பது தனிக் கதை, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும்கூட. நின்ற இடமும் நிலாவின் திசையும் உயரமும் தெரிந்தால், வானத்தின் நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) நிலா எத்தனை டிகிரி வடக்கிலோ தெற்கிலோ இருந்தது என்பது ஒரே ஒரு எண்ணாக வந்துவிடும். அந்த எண்ணை நிலா மாதத்துக்கு இரண்டு முறை தொடும், ஒருமுறை வடக்கே போகும்போது, ஒருமுறை தெற்கே திரும்பும்போது. அப்புறம் பிறையின் அளவைப் பாருங்கள். ஹெர்னாண்டஸ் படத்தில் நிலா பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தையது. 1941 நவம்பர் பௌர்ணமி, நியூ மெக்சிகோ நேரப்படி மூன்றாம் தேதி மாலை. நிலாவின் பிறை அளவு தெரிந்தால் சூரியன் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று தெரியும். சூரியனின் இடம் தெரிந்தால் ஆண்டின் எந்தப் பருவம் என்று தெரியும். இந்தப் படத்தில் நிலா கிட்டத்தட்ட நேர் கிழக்கே இருந்திருக்கிறது. அதற்குப் பொருந்தும் பருவங்கள் இரண்டே: நவம்பர் தொடக்கம், அல்லது ஏப்ரல் தொடக்கம்.

இரண்டில் எது? நிலாவின் ஒளிபட்ட பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். நவம்பரில் சூரியன் தென்மேற்கில் மறையும், ஏப்ரலில் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி மறையும். எனவே கிழக்கே பார்த்து எடுத்த படத்தில், நிலாவின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய இருட்டுப் பகுதி இரண்டு பருவத்திலும் வெவ்வேறு சாய்வில் இருக்கும். தரையில் விழும் நிழல்களும் அதையே சொல்லும். ஆடம்ஸ் விஷயத்தில் பயண விவரங்களும் உதவின: 1941 இலையுதிர்காலத்தில் அமெரிக்க உள்துறைக்காகப் படங்கள் எடுக்கும் பணியில் அவர் தென்மேற்கு மாநிலங்களில் இருந்தார்.

அந்த வெயில் விவரத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் தேதி ஹெர்னாண்டஸில் சூரியன் மறைவது, நான் கணக்கிட்டபடி, நியூ மெக்சிகோவின் திட்ட நேரமான மவுண்டன் ஸ்டாண்டர்ட் டைம்படி மாலை 5 மணி 9 நிமிடம் வாக்கில், அதுவும் தட்டையான அடிவானம் என்று வைத்துக்கொண்டால். 4:49 என்பது அதற்கு இருபது நிமிடம் முன்பு. மேற்கே மேகமோ மேடோ இருந்தால் சிலுவைகள் மேல் விழும் கடைசி வெயில் அடுத்த சில நொடிகளில் போய்விடும் என்பது முழுக்கப் பொருந்துகிறது. 4:03 என்றால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகல் பாக்கி. மேகம் மறைத்திருக்கலாம், மறுக்க முடியாது. ஆனால் படத்தில் விழும் ஒளியின் தாழ்வான சாய்வு அவ்வளவு முன்னதான நேரத்துக்கு ஒத்துவராது. நிலாவைத் தொடாமலே நேரத்தைச் சோதிக்கும் இரண்டாவது கடிகாரம் இந்த வெயில். எந்தப் படமானாலும் நிலாக் கணக்கு முடிந்ததும் நிழலை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே தேதியில் நிலா கிட்டத்தட்ட அதே பிறையோடு வந்து நிற்கும். 235 சந்திர மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் சில மணி நேர வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. நிலாவின் வடக்கு தெற்கு எல்லை விரிந்து சுருங்கும் சுழற்சியும் 18.6 ஆண்டு என்பதால் இரண்டும் சேர்ந்து நெருக்கமான நகலை உருவாக்கும். ஆக 1941-க்குப் பொருந்தும் நிலா 1922-க்கும் 1960-க்கும் ஓரளவு பொருந்தும். இதை வானத்தால் மட்டும் தீர்க்க வேண்டுமானால் நிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டினாலும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் கரும்பரப்புகள் சில நாள் விளிம்பை நெருங்கும், சில நாள் உள்ளே வரும். நல்ல நெகட்டிவ் என்றால் அந்த ஆட்டம் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் படத்தில் இருக்கும் கார், மின்கம்பம், கட்டடம், அல்லது முதலில் அச்சான ஆண்டு போதும். ஹெர்னாண்டஸ் படம் 1942 முடிவதற்குள் 'யூ.எஸ். கேமரா' ஆண்டு மலரில் வெளியாகிவிட்டது, எனவே 1944 என்பது ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இந்த 19 ஆண்டுச் சுழற்சியைத் தொல்லையாகப் பார்க்காமல் கொண்டாட்டமாக மாற்றியவர் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஓல்சன். ஆடம்ஸ் கலிபோர்னியாவில் உள்ள யோசமிட்டி பூங்காவின் கிளேசியர் பாயிண்ட்டிலிருந்து எடுத்த 'ஆட்டம் மூன்' படத்தை 1944 என்று குறித்திருந்தார்கள். ஓல்சனும் மாணவர்களும் அதே முறையில், முதலில் இடத்தைத் தேடி, பிறகு நிலாவைக் கணக்கிட்டு, 1948 செப்டம்பர் 15, மாலை 7 மணி 3 நிமிடம் என்று நிறுவினார்கள். அதோடு 57 ஆண்டுகள், அதாவது மூன்று பத்தொன்பதுகள், கூட்டிப் பார்த்தால் 2005 செப்டம்பர் 15. அதே தேதியில், கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே பிறையோடு நிலா வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அன்று மாலை அங்கே நூற்றுக்கணக்கானோர் காமிராவோடு கூடினார்கள், நிலாவும் வந்தது. அறிவியலில் ஒரு கணக்கு சரி என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கடந்த காலத்தைப் பற்றிச் சொன்னதை எதிர்காலத்தில் வைத்துச் சோதித்துவிட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் படத்துக்கு வருவோம். கணக்கைத் தொடங்கும் முன் அது உதிக்கும் நிலாதானா, மறையும் நிலாவா என்று பாருங்கள். நிலாவின் ஓரத்தில் தனியாக ஒரு சின்ன நீள்வட்டக் கரும்புள்ளி தெரியும், மேர் கிரிசியம் என்பது அதன் பெயர். உதிக்கும் நிலாவில் அது மேல் பக்கம் இருக்கும், மறையும் நிலாவில் கீழ்ப் பக்கம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தாலும் நிலாவின் முகம் இடம் வலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆல்பங்களில் இந்தத் திருப்பம் அபூர்வம் இல்லை.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ எடுத்த படமாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே நிலா கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். ஹெர்னாண்டஸில் ஏறும்போதே வலப்பக்கம் சாய்ந்துகொண்டு போகும், அதனால் திசையும் உயரமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நம் பக்கம் முதல் ஒரு மணி நேரத்தில் திசை அதிகம் மாறாது. திசை பெரும்பாலும் நாளைச் சொல்லும், உயரம் பெரும்பாலும் நேரத்தைச் சொல்லும். கடற்கரைப் படம் என்றால் இன்னும் நல்லது, உண்மையான அடிவானமே கண்ணுக்குத் தெரியும். கஷ்டம் எங்கே என்றால், கடலில் அருகே ஒன்று தூரத்தே ஒன்று என்ற ஜோடி கிடைக்காது. கரையிலோ படகுத்துறையிலோ ஏதாவது ஒரு நிலையான பொருள் படத்துக்குள் இருந்தால்தான் நின்ற இடத்தைப் பிடிக்க முடியும். வெறும் கடலும் நிலாவும் மட்டும் உள்ள படத்தில் இடத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊர் தெரிந்தால் நாளையும் நேரத்தையும் ஓரளவு சொல்லலாம், அதற்கு மேல் போகாது.

கடைசியாகக் கடிகாரம். கணக்கு தருவது உலகத் திட்ட நேரம். அதை அந்த ஊரில் அன்று புழங்கிய நேரத்துக்கு மாற்ற வேண்டும். 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவில் சாதாரணத் திட்ட நேரம்தான். 1942 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கா முழுவதும் போர்க்கால நேரம் என்று ஒரு மணி முன்னே தள்ளினார்கள். 1948 கலிபோர்னியாவில் பகல்சேமிப்பு நேரம் ஓடியது. ஓல்சன் சொன்ன 7:03 அந்தக் கடிகாரப்படிதான். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942-க்கும் 1945-க்கும் இடையே, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே இருந்தது. அந்த ஆண்டுகளில் எடுத்த படத்தின் பின்னால் யாராவது நேரம் எழுதி வைத்திருந்து, உங்கள் கணக்கோடு சரியாக ஒரு மணி நேரம் முரண்பட்டால், எழுதியவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

கைப்பேசிப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அகலக்கோண லென்ஸில் நிலா, படத்தின் அகலத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குதான் இருக்கும், அதுவும் வெள்ளைப் பொட்டாக. பிறையின் அளவோ நிலாவின் முகமோ அதில் கிடைக்காது, ஆனால் திசையும் உயரமும் கிடைக்கும். லென்ஸின் ஓரக் கோணலைத் தெரிந்த கட்டடங்களை வைத்துத் திருத்தினால் இரண்டு மூன்று நிமிடத் துல்லியம் எட்டக்கூடியதே. சில கைப்பேசிகள் நிலாவை மென்பொருளால் 'தீட்டி' விடுகின்றன. அப்படிப்பட்ட படத்தில் நிலாவின் மையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முகத்தை நம்பாதீர்கள். ஃபிலிம் படம் என்றால் அச்சைவிட நெகட்டிவை ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் ஓரம் வெட்டியிருந்தால் லென்ஸின் மையம் எங்கே விழுந்தது என்று தெரியாமல் போகும், காமிரா மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைத் திருத்தவும் முடியாது. நெகட்டிவ் இருக்கிறதா, நிலாவோடு கூட அடையாளம் காணக்கூடிய இரண்டு பொருட்களாவது படத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முதலில் ஊர் வரைபடத்தை விரித்து அந்த இரண்டு கோடுகளைப் போடுங்கள், நிலாவை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.